மண் கொட்டிய இடம்

கடலோர ஏரியை ஒட்டிய தோணிரேவில் யாரைக் கேட்டாலும் லோகநாயகி வக்கீல் என்று சொல்லிவிடுவார்கள். என்ன மாதிரி வக்கீல் என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். அடிதடி வழக்கை அவள் எடுப்பதில்லை. பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று போனால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவாள். அவளுடைய பெரியப்பா மகன் ரஞ்சித்தான் ஊருக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னான்.

"ரெண்டு கம்பெனிக்குள்ள சண்டை வந்துச்சின்னா எங்கக்காவ கூப்டுவாங்க. கோர்ட்டுக்கு இல்ல. ஓட்டல் மாரி ஏசி ரூம்ல மூணு ஜட்ஜி உக்காந்துக்கினு இருப்பாங்க. அங்க போயி அக்கா பேசும்."

ஏறக்குறைய சரிதான். தங்கள் சண்டை ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிற நிறுவனங்கள் தாங்களே நடுவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள். கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை நடக்கும். உள்ளே பேசியது வெளியே வராது. அந்த அறைகளில்தான் லோகநாயகியின் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது.

அவளுடைய நைனா குப்பன் ஏரியில் இறால் பிடித்தவர். மகளைப் பொன்னேரிக் கல்லூரிக்கும், பிறகு சென்னையில் சட்டக் கல்லூரிக்கும் அனுப்பினார். அவள் ஜூனியராகச் சேர்ந்த அலுவலகத்தில் சரக்குக் கப்பல் வழக்குகள் நிறைய வரும். சாட்சிக் கூண்டில் நிற்கும் கப்பல் கேப்டனிடம் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் கேள்வி கேட்க மற்ற ஜூனியர்கள் தயங்கினார்கள். அவளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அப்படியே அந்தத் துறையில் நின்றுவிட்டாள். உயர் நீதிமன்றம் அவளுக்கு மூத்த வழக்கறிஞர் அங்கி கொடுத்த அன்று தோணிரேவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, நீதிமன்ற வாசலில் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். முன்னால் நின்றவன் ரஞ்சித். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து லோகநாயகியின் வீட்டில் வளர்ந்தவன். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லாத குறையே தெரிந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏரியின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி சரக்கு இறக்கும் தளம் கட்ட ஆரம்பித்தது. கடலடியைத் தோண்டுகிற வேலையை ஓர் ஒப்பந்ததாரர் எடுத்திருந்தார். அவருடைய பெரிய கப்பல் மண்ணை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும், திரும்பி வரும். கொஞ்ச நாளில் தோணிரேவுக்காரர்கள் வலை கட்டும் இடத்தில் தண்ணீர் கலங்கியது. ஏரியில் எந்த ஊர்க்காரர்கள் எங்கே, எந்த முறையில் வலை கட்டலாம் என்று காலங்காலமாக ஒரு ஒழுங்கு இருக்கிறது. அப்படி ஒதுக்கிய இடத்துக்குப் பாடு என்று பெயர். தோணிரேவின் பாட்டில் இடுப்பளவு ஓடிய தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. அடியில் சேறு. கடல் தண்ணீர் உள்ளே ஏறவில்லை, இறாலும் வரவில்லை. கப்பல்தான் மண்ணை அங்கே கொட்டிவிட்டுப் போகிறது என்று ஊர் சொன்னது. யாரும் காதில் வாங்காததால், ஒரு காலையில் படகுகளை எடுத்துக்கொண்டு போய்க் கப்பலைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலை நின்றது. கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒப்பந்ததாரர் நடுவர் மன்றத்துக்குப் போனார்.

படகு மறியல் லோகநாயகிக்குத் தெரியும். கம்பெனிகளுக்குள் வழக்கு நடப்பது தெரியாது. ஒரு மத்தியானம் சத்யா என்ற இளம் வழக்கறிஞர், ஒப்பந்ததாரரின் அதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு அவளுடைய அறைக்கு வந்தாள். தூர்வாரும் ஒப்பந்தம் ஒன்றில் தகராறு என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். காகிதக் கட்டைப் பிரிப்பதற்குள் அதிகாரி பேச ஆரம்பித்துவிட்டார். வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு மேடம்? மண்ணை ஆழ்கடல்ல கொட்டணும்னுதான் அனுமதி. ஒவ்வொரு நடையும் அவ்வளவு தூரம் போனா வேலை எப்ப முடியறது? கம்பெனி இன்ஜினீயரே வாயால சொன்னாரு, முகத்துவாரத்துக்குள்ளயே கொட்டிடுங்கன்னு. கொட்டிட்டோம். அவங்களும் இதை வெளிய சொல்ல மாட்டாங்க, நாங்களும் மாட்டோம். சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். எங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான். வேலை நின்னது மீனவங்களால, எங்களால இல்ல."

"எந்த ஊர் மீனவங்க?"

"தோணிரேவுன்னு ஒரு ஊர், மேடம்."

லோகநாயகி கையிலிருந்த பேனாவை மூடினாள். "அது என் ஊர். நான் இதுல ஆஜராக முடியாது."

அதிகாரி காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சத்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தெரியும் மேடம். அதனாலதான் உங்ககிட்ட வந்தோம். அந்த ஊர்க்காரங்களை எதிர்த்தரப்பு சாட்சியா கூப்பிடுவாங்க. அவங்களைக் குறுக்கு விசாரணை பண்ண உங்களை விட்டா..."

"முடியாது சத்யா."

கிளம்பும்போது அதிகாரி கதவருகே நின்றார். "நான் இப்ப சொன்னதெல்லாம்..."

"இந்த அறையை விட்டுப் போகாது" என்றாள் லோகநாயகி.

அவளாகச் சொன்ன வார்த்தைதான். சொல்லாவிட்டாலும் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வழக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஆலோசனைக்கு வந்தவர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியே விடக் கூடாது. இனி நடக்கப்போகிற குற்றம் என்றால் விதிவிலக்கு உண்டு. இது முடிந்துபோன விஷயம். ஏதாவது சந்து கிடைக்குமா என்று அவள் பல நாள் பழைய தீர்ப்புகளைப் புரட்டினாள். அவளே எழுதிய வாதம் ஒன்றும் கையில் அகப்பட்டது. ரகசியம் காக்கத் தெரியாத தொழிலில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்று அதில் அழகாக எழுதியிருந்தாள். அந்த வழக்கில் வென்றும் இருந்தாள்.

சில மாதம் கழித்து ரஞ்சித் ஐஸ்பெட்டியில் இறாலோடு வந்தான். ஏரி இறால் இல்லை, கடல் இறால். அதைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.

"அக்கா, கம்பெனிக்காரங்க என்னைய சாட்சி சொல்லக் கூப்ட்டுக்கீறாங்க. காண்ட்ராக்ட்காரன் மேல கேஸாம். நான் போயி, மண்ண எங்க பாட்டுலதான் கொட்னான்னு சொல்லிட்டன்னா, ஜட்ஜி அள்ளச் சொல்லிடுவாரு இல்ல?"

லோகநாயகி தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மண் எங்கே கொட்டப்பட்டது என்று நடுவர்கள் முன்னால் இரண்டு தரப்பும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். மண்ணை அள்ளச் சொல்லும்படி அங்கே யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

"போலாமா வேணாமா, இன்னாக்கா சொல்ற?"

"உனக்கு இஷ்டமில்லன்னா போவ வேணாம். உன்னைய யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"எனக்கு இஷ்டந்தான். போனா ஊருக்கு நல்லதா, அதச் சொல்லு."

"இதப் பத்தி என்னால பேச முடியாது ரஞ்சித். வேற வக்கீல் ஒருத்தங்க கிட்ட அனுப்புறேன், கேளு."

அவன் சிரித்துவிட்டான். "உன்னைய வெச்சிக்கினு வேற வக்கீலா? நல்லா கீதுக்கா கதை." அக்கா வேலைக் களைப்பில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். தப்பு என்றால் தடுத்திருப்பாளே, தடுக்கவில்லை என்றால் போகலாம் என்றுதான் அர்த்தம். அப்படியே ஊரிலும் போய்ச் சொன்னான்.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் நேராக அவளுடைய அறைக்கு வந்தான். அதற்காகவே வாங்கிய வெள்ளைச் சட்டை, முதுகில் வேர்வை. ஜூனியர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தான்.

"எத்தினி படகு போச்சுன்னு கேட்டாங்க. யாரு மொதல்ல கெளம்பனதுன்னு கேட்டாங்க. கப்பல்காரன் வெலகச் சொன்னானா, நீங்க கேட்டீங்களான்னு கேட்டாங்க. அந்தாண்ட வக்கீலும் அதயேதான் கேக்குறான், இந்தாண்ட வக்கீலும் அதயேதான் கேக்குறான். மண்ணப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கலக்கா. சரி, நாமளே சொல்லலாம்னு ஆரம்பிச்சேன். நடுவுல இருந்த பெரியவரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னுட்டாரு."

அந்த வாக்கியத்தை லோகநாயகி எத்தனையோ சாட்சிகளிடம் சொல்லியிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நீ இருந்திருந்தா கேட்டிருப்ப இல்ல?" என்றான்.

அவள் ஜூனியரைக் கூப்பிட்டு அவனுக்குக் காபி வாங்கிவரச் சொன்னாள்.

தீர்ப்பு வரவில்லை. அதற்கு முன்பே இரண்டு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. என்ன சமரசம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சமரசத்தில் ஒரு நிபந்தனை. வேறொரு வழக்கின் இடைவேளையில், அந்த விவகாரம் முடிந்தது என்று யாரோ சொல்லித்தான் லோகநாயகிக்கே தெரிந்தது. தோணிரேவுக்கு யாரும் சொல்லவில்லை. ஊர் தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சமரசம் ஆகிவிட்டது என்பதையாவது நேரில் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பிப் போனாள்.

கரையில் வைத்துப் பேச ரஞ்சித் விடவில்லை. "வா, எடத்தப் பாத்துட்டு வந்துடலாம்" என்று படகில் ஏற்றினான். கொஞ்ச தூரம் மோட்டார் ஓடியது. பிறகு அதைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளினான். பாட்டை நெருங்கும்போது படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இருவரும் இறங்கினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோகநாயகி ஒரு பக்கம் நின்று தள்ளினாள். கால் வைத்த இடமெல்லாம் உள்வாங்கியது. ஏரிச் சேறு இவ்வளவு கறுப்பாக இருக்காது. வாடையும் வேறு.

"கேஸு முடிஞ்சிடுச்சி ரஞ்சித். ரெண்டு பேரும் பேசி முடிச்சிக்கினாங்க."

"நாங்க ஜெயிச்சமா?"

"நீங்க அதுல பார்ட்டி இல்ல."

"எங்க பாட்டுக்கு வந்த சண்டையில நாங்களே இல்லியா?" படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டான். "சாட்சி சொன்ன அன்னிக்கு அங்க ஒரு வக்கீல் பொண்ணு சொல்லுச்சி, காண்ட்ராக்ட்காரங்க மொதல்ல உங்கக்காவத்தான் கேட்டாங்கன்னு. நெசமா?"

"கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன்."

"வந்து இன்னா சொன்னாங்க?"

"அத சொல்லக் கூடாது."

"யாராண்ட? என்னாண்டயா?"

"யாராண்டயும்."

"சாட்சி சொல்லப் போறேன்னு வந்து கேட்டேனே, அன்னிக்கே உனக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் எது தெரியும் என்ற அடுத்த கேள்வி வரும். தொழிலில் எத்தனையோ பேரை இந்த மாதிரி மௌனத்துக்குள் தள்ளிவிட்டு, பதில் இல்லை என்று பதிவு செய்யச் சொல்லியிருக்கிறாள். ரஞ்சித் அப்படி எதுவும் செய்யவில்லை. தலையை ஆட்டிக்கொண்டான். "ஏறு, காத்து மாறுது" என்றான்.

அந்த ஏரியை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்துகிற காவியா என்ற வழக்கறிஞரின் எண்ணை ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தாள். அதற்கு மேல் அவள் எதுவும் செய்யக் கூடாது. ஆஜராகவோ, யோசனை சொல்லவோ கூடாது. மண்ணை அள்ளச் சொல்லிக் கேட்டு ஊர்க்காரர்கள் மனு போட்டார்கள். புயலின்போது மண் தானாக வந்து அடைந்தது என்று கம்பெனி பதில் போட்டது. கப்பலின் பதிவுகளில் ஒவ்வொரு நடையும் ஆழ்கடல் வரை போனதாகவே இருந்தது. மீனவர்கள் பார்த்தோம் என்றார்கள். அவர்களுக்கு இதில் சொந்த லாபம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது.

ஒருநாள் காவியாவே போன் செய்தாள். "மேடம், உங்ககிட்ட கேக்கலாமா தெரியல. அந்தக் கப்பல்லயோ கம்பெனியிலயோ இருந்த யாராவது ஒருத்தர், இங்க கொட்டச் சொன்னாங்கன்னு சொன்னாப் போதும். வழக்குல ஜெயிச்சிடலாம். நீங்க கப்பல் கேஸ் வட்டாரத்துல இருக்கீங்க, அப்படி யாரையாவது தெரியுமா?"

அந்த அதிகாரியின் பெயர், அவர் கதவருகே நின்ற நிற்பு எல்லாம் லோகநாயகிக்கு நினைவிருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"எனக்கு ஹியரிங் ஆரம்பிக்குது காவியா" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஹியரிங் எதுவும் இல்லை. மேஜை மேல் ஒரு சிமெண்டுக் கம்பெனியின் கட்டு பிரிக்காமல் கிடந்தது. வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மனு இன்னும் நடக்கிறது. வாய்தா வாங்குகிறார்கள்.

இந்த வைகாசியில் ரஞ்சித்தின் மகள் ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்களை வீட்டுக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் அங்கே வழக்கம். லோகநாயகிக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் 'வழக்கறிஞர் லோகநாயகி அவர்கள்' என்று ரஞ்சித்தின் கையெழுத்து. பல நாள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவள், முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள்.

பந்தலில் விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே பெண்கள் மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அத்தை முறைக்கு அவள் அங்கே இருந்திருக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை, அவளும் எழுந்து போகவில்லை. தாலி கட்டி முடிந்ததும் ரஞ்சித் வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், ஓடியாடி அலுத்த முகம்.

"வந்துட்டீங்களே, சந்தோசம்" என்றான். "இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

அடுத்த வரிசையை உபசரிக்க நகர்ந்தான். லோகநாயகி சாப்பாட்டுப் பந்திக்குப் போய், கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டாள்.