மடியில் வந்த தென் துருவம்

கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, உலகம் முழுவதையும் வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொல்லும் தொழில் நம்முடையது. என்னோடு அவதிப்படும் ஆசிரியைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிபந்தனை

எண்பதுகளின் தொடக்கத்தில் அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தேன். தென் துருவப் பயணம் பற்றிய நாவல் ஒன்று துணைப்பாடம். பனியும் பென்குயினும் இன்னதென்று அறியாமல் பிள்ளைகள் அதற்குள் நுழைய முடியாது. ஒரு வாரம் அவற்றை அறிமுகப்படுத்திவிட்டுத் தொடங்குகிறேன் என்றேன். கதை படிப்பதைச் சோம்பலின் ஒரு வகையாகக் கருதிய தலைமையாசிரியர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நானே வந்து கேள்வி கேப்பேன். பதில் வரலைன்னா அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் குடுத்துருவேன்மா."

ஐஸ் பாளம்

மதுரையில் சோடாக் கடையில் ஐஸ் பாளம் ஒன்று வாங்கி, மரத்தூளும் சாக்குமாக மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன். நனைந்த என் புடவையைக் கண்டக்டர் பார்த்த பார்வையை இங்கே விவரிப்பதற்கில்லை. மேசைமேல் வைத்து, "கண்ணுக்கெட்டிய தூரம்வரை இப்படி" என்று தொடங்குவதற்குள் வகுப்பு மொத்தமும் அதைத் தொட்டு நக்கியாயிற்று. முன்வரிசைப் பையன் எதையோ துப்பிவிட்டுக் கேட்டான்: "டீச்சர், தென் துருவம் பூராவும் இப்படித்தான் மரத்தூளாக் கெடக்குமா?"

ஆறு மாத இரவு

துருவத்தில் ஆறு மாதம் இரவு என்பதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒரு மாணவனின் தகப்பனார் வயலிலிருந்து நேரே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நானும் தயாரானேன். அப்பகுதியில் பம்புசெட்டுக்கு இரவில் மட்டுமே மின்சாரம் விடுவார்கள் என்பதை மறந்திருந்தேன். "ஆறு மாசமும் ராத்திரின்னா மோட்டாருக்குக் கரண்டு நிக்காம வருமா டீச்சர்? அம்புட்டுத் தண்ணியையும் என்ன செய்றாக?"

வெள்ளிக்கிழமை

தலைமையாசிரியர் வந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அதுவே அவரைச் சீண்டியது. "முட்டையை யாரு அடைகாப்பா?" என்றார்.

"அப்பாப் பென்குயின்தான் சார். கால்மேல வச்சுக்கிட்டுப் பசியோட நிக்கும். அம்மா எரை தேடப் போயிரும்" என்றாள் பாண்டியம்மாள்.

"தப்பு! எந்த ஊர்ல ஆம்பளை அடைகாக்குறான்?"

என் நாவல் கணக்கு வாத்தியாரிடம் போய்க்கொண்டிருந்தது. நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த பறவைகள் புத்தகத்தைத் திறந்து அவர்முன் வைத்தேன். பாண்டியம்மாளோ விடுவதாயில்லை: "எங்கப்பாவும் நாள் பூரா டீக்கடையில உக்காந்துதான் சார் இருக்காரு. முட்டை ஒண்ணுதான் இல்ல."

சிரிப்பு அடுத்த அறைவரை போயிற்று. தலைமையாசிரியர், பென்குயின் படத்தின் கீழிருந்த வரியை இருமுறை படித்தார், புத்தகத்தை மூடினார். "சரி, நாவலைப் படிங்க. ஆனா அந்த ஆம்பளைப் பறவை வர்ற பக்கத்தை மட்டும் விட்டுருங்கம்மா."

வகுப்பு மொத்தமும் தானாகவே தேடிப்பிடித்துப் படித்த பக்கம் அது ஒன்றுதான் என்பதால், பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று புலம்பும் அதிகாரிகள் இந்த உத்தியை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.