போட்டோ இல்லாத மனிதரின் முகம்

என் கடைப் பெயர்ப்பலகையில் யாரோ தார் பூசியிருந்த காலையிலிருந்து இதைச் சொல்ல வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ‘இஸ்ரவேல் ஆர்ட்ஸ்’ என்று நானே நீலத்தில் எழுதி, மஞ்சளில் நிழல் கொடுத்து மாட்டியிருந்த பலகை அது. தார் ‘இஸ்ரவேல்’ மேல் மட்டும் பூசப்பட்டிருந்தது. ‘ஆர்ட்ஸ்’ அப்படியே இருந்தது. அவசரத்தில் எவனோ அடித்துவிட்டுப் போனதில்லை. ஓரம் பிசகாமல், நிதானமாக, அழகாகப் பூசியிருந்தான். தொழில்காரனுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சபையாரே, அன்றைக்கு எனக்கு விசுவாசம் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பயம்தான் இருந்தது.

ஆட்சி மாறி, புதுக் கட்சி வந்த இரண்டாவது வருஷம். சுவருக்குச் சுவர் எழுத்து, எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் வயல்களில் நிலவரம் கெட்டுப்போயிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் ஆட்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் இறக்கினார்கள். கோரையாற்றுக்கு அக்கரையில் ஒரு பண்ணையில், வெளியாள் இறங்கிய வயலின் வரப்பில் தன்னந்தனியாகப் போய் நின்று மறித்தவர் கூலியாள் காத்தமுத்து. மறுநாள் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். தவறி விழுந்து தண்ணீரில் மூழ்கி இறந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டு போனது. மேட்டூரில் தண்ணீரை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வாய்க்காலில் கணுக்கால் நனையாது.

விவசாயக் கூலிகள் சங்கத்துச் செயலாளர் தோழர் வீராசாமி என் கடைக்கு வந்தார். பங்குனி முதல் வெள்ளிக்கிழமை காத்தமுத்துவுக்குப் படத்திறப்பு, பெரிய படமாக வரைந்து தர வேண்டும் என்றார். செத்தவரின் படத்தைத் துணிபோட்டு மூடிவைத்து, கூட்டத்துக்கு நடுவில் திறப்பது நம் பக்கத்தில் எல்லாக் கட்சிக்காரருக்கும் வழக்கம்தானே. அப்படி எத்தனையோ வரைந்திருக்கிறேன்.

“போட்டோ கொடுங்க” என்றேன்.

“போட்டோ ஏதுங்க? அவரு இருந்த தெருவுல ஒருத்தருக்கும் போட்டோ கெடையாது. நீங்கதான் ஆர்ட்டிஸ்டாச்சே, பாத்துச் செய்ங்க” என்றார்.

அந்தச் சொல்லில் மயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். ஆர்ட்டிஸ்ட்! எனக்கு வாத்தியார் கிடையாது. முதலாளியும் கிடையாது. போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போடுவேன். துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போடுவேன். கட்டம் கட்டமாக இறக்கிவிடுவேன். கட்டமில்லாமல் ஒரு காது வரையச் சொன்னால் விழிப்பேன். இது ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

காத்தமுத்துவின் மனைவி வேம்பு சொன்ன அடையாளங்களை வைத்து ஒரு படம் போட்டேன். நீள முகம், கூர் மூக்கு, அடர்ந்த மீசை. எனக்குப் பரம திருப்தி. கொண்டுபோய் அந்தத் தெருவில் காட்டினேன். தெருவே கூடியது. வேம்பு கிட்ட வந்து பார்த்தார்.

“இவரு ஓட்டுக் கேட்டு வந்தவராச்சே. எங்க வூட்டுக்காரரு எங்கங்க?” என்றார்.

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. சுவர் சுவராக ஐந்து தலைவர்களின் முகத்தை மாற்றி மாற்றி வரைந்த கை அது. அதற்கு ஆறாவது முகம் வராது. மீசையை ஒட்டவைத்த தலைவர் ஒருவரை இழவு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அந்த வாரம் பண்ணையின் ஏஜெண்டு கடைக்கு வந்தார். நிலம், ஆள், வரவு எல்லாம் பார்க்கிறவர். குரலை உயர்த்தாத மனிதர். ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இஸ்ரவேல், ஒனக்கு எழுத்து நல்லா வருது. எழுத்தோட நிறுத்திக்க.”

“ஒப்புக்கிட்ட வேலைங்க” என்றேன்.

“செத்தவனுக்கு மூஞ்சி எதுக்கு? மூஞ்சியப் பாத்தா நாலு பேரு அழுவான். நாலு பேரு அழுதா நாப்பது பேரு ஏன்னு கேப்பான்.” எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். போகிற போக்கில், “நீ எந்தக் கையால எழுதுவ?” என்று கேட்டார். நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள்தான் பலகையில் தார். அன்றிலிருந்து எதிர் டீக்கடை பெஞ்சில் பண்ணை ஆட்கள் இரண்டு பேர் காலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் சின்னையன், காத்தமுத்துவின் ஊர்க்காரன், அவரோடு சேர்ந்து வளர்ந்தவன். மற்றவனை எனக்குத் தெரியாது. பேச மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு லாரி நம்பரை மூன்று முறை அழித்து எழுதினேன்.

வீட்டில் முழங்கால்படியிட்டு ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? ‘ஆண்டவரே, இந்தப் படத்திறப்பு நடக்காமல் போகட்டும். தோழரே வந்து வேண்டாமென்று சொல்லட்டும்.’ ஒரு வாரம் இதே ஜெபம்தான். நடுவில் வேறொரு யோசனையும் ஓடியது. பேராவூரணியில் மைத்துனருக்குத் தேங்காய் மண்டி. பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே போய்விட்டால், எந்தக் கையால் எழுதுகிறாய் என்று எவனும் கேட்க மாட்டான். எஸ்தரிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னேன்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள். “ஏங்க, படத்த நிறுத்தச் சொல்லியா ஜெபம் பண்றீங்க? பயமா இருக்குன்னு சொல்லுங்க. வரையத் தெரியலன்னு சொல்லுங்க. அவருக்குத் தெரியாததா? அவருகிட்டயும் ஆர்ட்டிஸ்ட் வேஷம் போடாதீங்க” என்றாள்.

சுருக்கென்று இருந்தது. கோபத்தில் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆனால் சாயங்காலம் ஆலயத்தில் தனியாக உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னேன். ‘எனக்கு முகம் வரையத் தெரியாது. தெரிந்த மாதிரி இத்தனை வருஷம் நடித்துவிட்டேன். சாகப் பயமாக இருக்கிறது. கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்த மனிதரின் முகத்தை எனக்குக் காட்டும்.’ சொல்லும்போதே அழுதேன். தரிசனம் ஒன்றும் வரவில்லை. வெளியே வந்தபோது ஒரே ஒரு எண்ணம் தெளிவாக இருந்தது. தெரியாவிட்டால் கற்றுக்கொள்.

நீடாமங்கலம் ஜங்ஷனில் வண்டி மாறுகிறவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அசைய மாட்டார்கள். மறுநாள் காலை சிலேட்டும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். மூட்டைமேல் சாய்ந்திருந்த ஒரு வியாபாரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு அசந்திருந்த ஒரு தாய், போர்ட்டர்கள். கட்டமில்லாமல் வரைந்தேன். முதல் நாள் எல்லோரும் தலைவர்கள்தான். துடைத்தேன். மறுநாளும் தலைவர்கள்தான். துடைத்தேன். கடை திறக்கும் முன் தினமும் பத்து முகம் என்று வைத்துக்கொண்டேன். சில நாள் எழுந்திருக்கவே மனம் வராது. யாருக்காக இந்தப் பாடு, யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். அப்போது ஜெபம் பண்ணத் தோன்றாது, சிலேட்டை எடுப்பேன். போகப்போக அதுவே ஜெபமாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் ஒரு போர்ட்டரின் தாடை அவர் தாடையாகவே விழுந்தது. சந்தோஷத்தில் அவரிடமே காட்டினேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

பிளாட்பாரத்தின் கோடியில் அந்த இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் சிலேட்டோடு அக்கரைத் தெருவுக்குத் தினமும் போனேன். காத்தமுத்துவின் தங்கை செல்லம்மாவை உட்காரவைத்து வரைந்தேன். அவருடைய தாடை அண்ணனுடையது என்றார்கள். சித்தப்பா மகனை வரைந்தேன். நெற்றி அவருடையது. வேம்பு ஈரத்துணியோடு என் பக்கத்தில் நிற்பார். “இது இல்ல” என்பார், துடைப்பார். “காது இப்புடித்தான்” என்பார், விடுவார். மெல்ல மெல்ல ஒரு மனிதர் சேர்ந்துவந்தார். கண் மட்டும் சேரவில்லை. எத்தனை முறை போட்டாலும் துடைத்தார். எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

படத்திறப்புக்கு நாலு நாள் இருந்தது. பட்டப்பகல். தெருவில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள். ‘ஆண்டவரே, கண்’ என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே அழித்தேன். வேம்பு சட்டென்று என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“சண்ட போட்டுட்டு வந்தா இப்புடிப் பாப்பாருங்க” என்று சொல்லி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வேம்புவின் முகத்தில் வேறொருவர் இருந்து பார்த்தார். செல்லம்மா “அண்ணே” என்று கத்திவிட்டார். சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது. உடைந்த துண்டை எடுத்து அப்படியே போட்டேன். இந்த முறை வேம்பு துடைக்கவில்லை. ஈரத்துணியைத் தன் வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். என் கண்ணாலேயே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சட்டத்தில் இழுத்து அடித்த காடாத்துணியில் முடித்த படத்தை வேட்டியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எஸ்தர் வாசலில் நின்று என் வலது கையைப் பிடித்து ஜெபித்தாள். யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் ஆமென் சொன்னேன்.

வாய்க்கால் கரையில், காத்தமுத்து கிடந்த மதகுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். வயலில் ஆள் இல்லை. பெயர் தெரியாதவன் கையில் அரிவாள். சின்னையன் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

“எறங்குங்க.”

இறங்கினேன். ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

“கையத் தரயில வைக்கச் சொல்லுடா” என்றான் மற்றவன்.

“மொதல்ல படம்” என்று சின்னையன் கயிற்றை அவிழ்த்து வேட்டியை உருவினான். கிழிப்பதற்காகத்தான் உருவினான். படம் அவன் பக்கம் திரும்பி நின்றது. அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. இரண்டு அடி பின்னால் வைத்தான்.

“அன்னிக்கும் இப்புடித்தாண்டா பாத்தான்” என்றான்.

“வாய மூடுடா” என்று மற்றவன் பதறினான். சின்னையன் கேட்கவில்லை. கரையில் உட்கார்ந்து, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “போவச் சொல்லு. அத எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அரிவாள்காரன் அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். நான் படத்தைச் சுற்றக்கூட இல்லை. அப்படியே தூக்கிக் கேரியரில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். தெரு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறைத்துக்கொண்டுபோக நான் ஜெபித்தேன். தேவனோ திறந்து காட்டி என்னைக் காப்பாற்றினார். ஐந்து முகத்துக்காரனாகவே நான் போயிருந்தால் அன்றைக்கு அந்தத் துணி கிழிந்திருக்கும், என் கையும் போயிருக்கும். அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவன் சின்னையன்தான்.

அன்று குறித்தபடி படத்திறப்பு நடந்தது. சின்னையன் சொன்னதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். தோழரும் கூட வந்தார். “ஒருத்தன் பயந்து ஒளறுனதுக்கெல்லாம் கேஸ் போட முடியாது” என்று அனுப்பிவிட்டார்கள். தவறி விழுந்ததாகவே கேஸ் முடிந்தது. சின்னையன் எங்கேயோ போய்விட்டான் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் யாரும் துணியவில்லை. ஏஜெண்டு என்னை ரோட்டில் பார்த்தால் இப்போதும் என் கையைத்தான் முதலில் பார்க்கிறார். ஆபத்து நீங்கிவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே வேலை செய்யக் கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்காக அவரைத் துதிக்கிறேன். இன்றும் கடை திறக்கும் முன் பிளாட்பாரத்தில் பத்து முகம் வரையாமல் நான் பிரஷைத் தொடுவதில்லை.

உங்களில் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் இருப்பீர்கள். கேட்க ஆளில்லை, கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று சோர்ந்திருப்பீர்கள். தெரியாது என்பதை முதலில் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள். அவர் கூலியாட்களின் தெருவிலும் ரயில்வே பெஞ்சிலும் உங்களுக்கு வாத்தியாரை வைத்திருப்பார்.

படத்திறப்பு முடிந்த மறுவாரம் வேம்பு கடைக்கு வந்தார். தலைவாரி, வெளுத்த சேலை கட்டியிருந்தார். பின்னால் செல்லம்மா, சித்தப்பா மகன், தெருவில் பாதிப் பேர். “எங்களையும் ஒவ்வொருத்தரா வரஞ்சு வச்சிருங்க. உசுரோட இருக்குறப்பவே” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வரைந்து கொடுத்தேன். இப்போது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு என் படம் தொங்குகிறது, படத்துக்கு உரியவர்கள் அதன் கீழேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதுவரை ஒன்றுக்கும் மாலை விழவில்லை. விழக் கூடாது என்று தினமும் பெயர் பெயராகச் சொல்லி ஜெபிக்கிறேன். அறுப்பு மறுபடி வருகிறது. நீங்களும் என்னோடு ஜெபியுங்கள்.