கெட்டது சொல்ல ஆள் தேடிய கதை

ஒருவருடைய சின்ன வயது எவ்வளவு மோசமாக இருந்தது என்று கேள்விப்படுகிறேனோ, அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு பஸ் ஏறுவேன். என் தொழில் அப்படி.

பதறாதீர்கள். கீழ்க் கோர்ட்டில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விழுந்தால் அதை ஹைகோர்ட் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஆள் யார், எப்படி வளர்ந்தார், என்ன நோய், என்ன அடி, என்ன பசி என்பதையெல்லாம் நீதிபதிகள் பார்த்தாக வேண்டும். அதை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருகிற ஆள் நான். பாளையங்கோட்டைக்காரி. சமூகப்பணி படித்துவிட்டு மதுரையில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப் போன டீச்சர்மார்களே, இன்ஷூரன்ஸ் பிடிக்கப் போனவர்களே, நோட்டும் பேனாவுமாக அடுத்தவர் வாசலில் நின்று நாயால் விரட்டப்பட்ட சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

இங்கே சொல்லப்போகிறவை இசக்கிமுத்துவின் வழக்கில் நடந்தவை. ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டுக் கிராமத்துக்காரர். இரண்டு உயிர் போன வழக்கு. செய்தது அவர்தான் என்பதில் எங்களுக்கும் வாதமில்லை. இறந்தவர்களின் வீட்டுத் துக்கத்தை நான் சிரிப்பாக்கப் போவதும் இல்லை. எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஆளைத் தூக்கில் போட்டே ஆக வேண்டுமா? அவருக்கு வலிப்பு வருகிறது என்று சிறை டாக்டர் எழுதியிருந்தார். ஜெயிலுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட நடிப்பு அது என்றது அரசுத் தரப்பு. சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்று காட்ட எனக்கு மூன்று வாரம் இருந்தது.

செருப்புக் கடி

முதலில் முத்துவையே சிறையில் போய்ப் பார்த்தேன். "சின்ன வயசில எப்படி இருந்தீங்க?" என்றால், "ராசா மாதிரி இருந்தேன் மேடம்" என்றார். அப்பா அடிப்பாரா என்றால், "அப்பான்னா அடிக்கத்தான் செய்வாவ, அதுக்குப் பேரு அடியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். தலையில் நீளத் தழும்பு. கேட்டால், பிறந்தபோதே இருந்ததாம்.

இடது கணுக்காலைச் சுற்றி வளையம் போல ஒரு பழைய தழும்பு. அது செருப்புக் கடி என்று அடித்துச் சொன்னார். முதல் செருப்பு எப்போது போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். மனிதருக்குப் பொய்யை நடுவழியில் விட மனசில்லை.

"மொத செருப்பு பதினெட்டு வயசுல, திசையன்விளைக் கடையில சேந்தப்பம் அண்ணாச்சி வாங்கித் தந்தாவ. இது அதுக்கு முன்னாலயே கடிச்சிட்டு மேடம்."

ஊர் கூடிக் கொடுத்த சான்றிதழ்

அடுத்து முத்துவின் ஊர். அக்கா பேச்சியம்மாள் வீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். பத்து நிமிடத்தில் அரை ஊர் கூடிவிட்டது. பாதிக் கூரை இல்லாத பழைய வீட்டைக் காட்டி, "இங்கதான் வளந்தான், ஒரு குறையும் கெடயாது" என்றார்கள். அப்பா குடிப்பாரா? மருந்துக்குக்கூடத் தொட மாட்டார். பசி? மூன்று வேளையும் சோறு. வலிப்பு? அந்த வார்த்தையைச் சொன்னதும் பேச்சியம்மாள் எழுந்து காபி போடப் போய்விட்டாள். காபி குடித்து முடித்த பிறகு இன்னொரு காபி போடப் போனாள்.

எனக்குக் கெட்டது வேண்டும், கஷ்டம் வேண்டும், அதுதான் அவரைக் காப்பாற்றும் என்று தமிழில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, முத்து பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியதைச் சொன்னார்கள். நோட்டோடு வருகிறவரிடம் நம் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கண் கலங்கியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தேற்றினார்.

"கவலப்படாதிய தாயி, நாங்க இம்புட்டு நல்லது சொல்லிருக்கோமே, இதப் படிச்ச பொறவு எந்த ஜட்ஜு தூக்குல போடுவாவ?"

பட்டம் விட்டுப்போச்சு

கீழ்க் கோர்ட்டில் முத்துவுக்காக வாதாடிய வக்கீல் வயதானவர். தண்டனை பற்றி அவர் பேசியதாகப் பதிவாகியிருப்பது ஒரே வரி: "குற்றவாளி ஏழை, கருணை காட்ட வேண்டும்." அவ்வளவுதான். ஊருக்குப் போகவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை, டாக்டர் இல்லை. "சுருக்கமாப் பேசுனாத்தாம்மா எடுபடும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். முத்துவிடம் குறை ஏதும் உண்டா என்று கேட்டாராம், ராசா மாதிரி இருந்தேன் என்றானாம். அதை மட்டும் நான் நம்பினேன்.

நான் போனது, 'இதையெல்லாம் நான் விசாரிக்கத் தவறிவிட்டேன்' என்று அவரிடமே பிரமாணப் பத்திரம் வாங்க. எந்த வக்கீலிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள், வாசலைக் காட்டுவார். இவர் "பய உசுரு கெடக்கே" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் கையெழுத்துப் போடாமல் திருத்த ஆரம்பித்தார். 'விசாரிக்கத் தவறிவிட்டேன்' என்பதற்கு முன்னால், 'நீண்ட அனுபவமும் நற்பெயரும் உடைய நான்' என்று சேர்த்தார். அப்படியே முதல் வரிக்குப் போனவர் முகம் கறுத்தது.

"தப்ப ஒத்துக்கிடுதேன்மா, அதுக்காவ பேருக்குப் பின்னால பி.ஏ., பி.எல்.-ஐ விட்டுட்டு எழுதலாமா?"

கத்திரிச் செடி

சிறையில் நடத்தை எப்படி என்பதும் வேண்டும். அங்கே தோட்ட வேலையை மேற்பார்க்கும் வார்டரிடம் கேட்டேன். முத்து வைத்த கத்திரிச் செடிகளைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். எந்தச் செடி எத்தனை காய் காய்த்தது என்பது வரைக்கும். நான் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது.

"தூக்குத் தண்டனைய ரத்து பண்ணணும்னா பண்ணிக்கிடுங்க மேடம், ஆனா வெளிய கிளிய விட்டுராதிய, செடியெல்லாம் காஞ்சு போவும்."

மாப்பிள்ளை விசாரணை

திசையன்விளையில் செருப்பு வாங்கித் தந்த பலசரக்குக் கடை அண்ணாச்சியைக் கண்டுபிடித்தேன். முத்து அவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அதன்பின் தொடர்பில்லை, வழக்கு விவரம் எதுவும் அவருக்குத் தெரியாது. நான் என் பழக்கப்படி, முத்துவின் குணம் எப்படி, உடம்புக்கு ஏதும் உண்டா என்று ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கைப்பையும் நோட்டுமாக வந்து ஓர் ஆணைப் பற்றி இப்படிக் கேட்டால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? அண்ணாச்சி முகம் மலர்ந்தது. குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். "கண்ண மூடிட்டுப் பொண்ணக் குடுக்கலாம்" என்றார். வலிப்பு உண்டா என்றதும் பொங்கிவிட்டார். "எந்தப் பய சொன்னான்? ஆகாதவன் எவனாவது கலைச்சு விட்டிருப்பான்!"

பெண் கொடுக்க வரவில்லை அண்ணாச்சி, தூக்குத் தண்டனை வழக்கு என்றேன். கலர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர். பிறகு மளமளவென்று சொன்னார்: வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்குள்ளேயே விழுவானாம், வாயில் நுரை தள்ளுமாம், அண்ணாச்சி சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். ஆனால் முதலில் இல்லை என்று சொன்னதையும் நான் எழுதியாக வேண்டுமே. மறைத்தால் அது பொய். அரசுத் தரப்பு சும்மா விடுமா? அதைச் சொன்னதும் அண்ணாச்சி நொந்துபோனார்.

"இத மொதல்லயே சொல்லப்படாதா? ஒரு கல்யாணத்த நடத்தி வைக்கணும்னுல்லா அம்புட்டுப் பொய்யும் சொன்னேன்!"

மனு அண்ணாச்சி

வாய்ச்சொல் போதாது, பழைய காகிதம் ஏதாவது வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். இன்னும் ஐந்து நாள்தான். மறுபடி முத்துவின் ஊருக்குப் போய் வெறுங்கையோடு உவரி பஸ்ஸுக்கு நின்றேன். பெரியவர் ஒருவர் தடித்த ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்தார். முத்துவின் அடுத்த வீட்டுக்காரர். வேலியில் நிற்கும் ஒரு பனை யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் தீராத பகை. எதற்கெடுத்தாலும் அதிகாரிகளுக்கு மனு எழுதுவார் என்பதால் ஊரில் அவருக்கு மனு அண்ணாச்சி என்றே பேர். "அந்தப் பயலப் பத்தி நல்லதாவே எழுதிட்டுப் போறியளாமே, உண்மைய நான் சொல்லுதேன்" என்று ஃபைலைத் திறந்தார்.

எல்லாம் கார்பன் நகல். ஒவ்வொன்றிலும் தேதி, அலுவலக முத்திரை. 'பொருள்: அடுத்த வீட்டுச் சிறுவன் வலிப்பு வந்து என் முற்றத்தில் விழுந்து பானைகளை உடைப்பது தொடர்பாக.' அடுத்தது: 'பார்வை: பானை குறித்த என் முந்தைய மனு. மேற்படி சிறுவன் பனையிலிருந்து விழுந்து தலை உடைந்து மூன்று நாள் நினைவின்றிக் கிடந்தபோது வீட்டில் கூட்டம் கூடி எனக்கு இடைஞ்சல் ஏற்பட்டது.' அதற்கடுத்தது: 'மேற்படி சிறுவனை அவன் தகப்பன் குடித்துவிட்டுக் காலில் சங்கிலியிட்டுப் பனையில் கட்டிப்போடுவதால், அவன் பசியில் அழும் சத்தத்தில் பகலில் கண்ணயர முடியவில்லை.' சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. செருப்புக் கடி.

இதையெல்லாம் கோர்ட்டில் கொடுத்தால் முத்துவுக்குத்தான் நன்மை என்று பஸ் ஸ்டாப்பிலேயே ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஃபைலைக் கையை விட்டுத் தர மாட்டேன் என்று என்னோடு ஜெராக்ஸ் கடை வரைக்கும் வந்தார். ஒவ்வொரு பக்கமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அவரே சரிபார்த்தார்.

"இம்புட்டுக் கெட்டதப் படிச்ச பொறவும் எந்த ஜட்ஜும்மா அவன விடுவாவ?"

பேச்சியம்மாள்

நகல்களை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். சங்கிலி மனு வந்ததும் போதும் என்று கையைக் காட்டினாள். மகளுக்கு வரன் பார்க்கிறாளாம். குடும்பத்தில் வலிப்பு என்று வெளியே தெரிந்தால் யார் எடுப்பார்கள்? அதனால்தான் அந்த இரண்டு காபியும். நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவளே மை டப்பாவை இழுத்து, தம்பிக்கு வலிப்பு உண்டு என்று நான் எழுதிய வாக்குமூலத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். இந்தத் தொழிலில் நான் வேலை நேரத்தில் வாய்விட்டு அழுதது அன்று ஒரு நாள்தான்.

"அவன் அழுகத நாங்கல்லாம் கேக்காத மாதிரிதான் இருந்தோம். ஆகாத அந்த மனுசன்தான் கேட்டு எழுதி வச்சிருக்காவ."

நடவடிக்கை எடுக்கப்பட்டது

ஹைகோர்ட்டில் பானை மனுவை வாசித்தபோது லேசாகச் சிரிப்பு எழுந்தது. சங்கிலி மனுவை நீதிபதி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். தூக்கு ஆயுளாகக் குறைந்தது. சேதி சொல்லச் சிறைக்குப் போனேன். பானை உடைத்ததை அத்தனை பேர் முன்னால் வாசித்தீர்களா என்று முத்து வெட்கப்பட்டார். வார்டர் மட்டும் முகமெல்லாம் பல்லாக, புதிதாக வெண்டை விதை வாங்கி வந்திருந்தார்.

மனு அண்ணாச்சி கோபத்தில் ஏதாவது செய்வார் என்று பயந்துகொண்டேதான் அவர் வாசலுக்குப் போனேன். நகலை அவரிடம் ஒளித்து மறைத்து வாங்கவில்லை என்றாலும், போய்ச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. தீர்ப்பில் அவருடைய மனுக்களைத் தேதிவாரியாகக் குறிப்பிட்டிருந்த பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு மூன்று தடவை வாசித்தார். ஒரு தேதிகூடத் தப்பில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருசமா மனு குடுக்கேன், மொத மொதல்ல இப்பத்தான் நடவடிக்கை எடுத்திருக்காவ, அதையும் தலகீழா எடுத்திருக்காவ, போட்டும் பய பொழச்சுக் கெடக்கட்டும்."

ஆகவே வாசகர்களே, உங்களை நல்லவர் என்று சொல்ல ஊரே இருந்தாலும், தேதி போட்டு நகலும் எடுத்து வைக்கிற ஆகாதவர் ஒருவரையாவது அடுத்த வீட்டில் குடிவைத்துக் கொள்ளுங்கள்.