இரண்டு புத்தாண்டுக்கும் ஒரே வேப்பமரம்

பங்குனி வெயிலில் மாம்பூ காயும் வாசனை கடலின் உப்போடு கலந்து ஜன்னல் வழியே வந்துவிட்டால், அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வேப்பமரத்தைப் பார்க்கப் போய்விடுவாள். போர்ட் பிளேரில் ஜங்லிகாட் கடைத்தெருவுக்கு மேலே, மேட்டில் அப்பாவுக்கு ஒதுக்கிய அரசு குவார்ட்டர்ஸ் அது. வீடு தீப்பெட்டி, தோட்டம் மட்டும் தாராளம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழையில் ஊறும் எங்கள் தீவுக்கு வசந்தம் என்பது மழை கொஞ்சம் மூச்சுவிடும் அந்தச் சில மாதங்கள்தான் என்பதால், அதற்குள் பூத்து முடித்தாக வேண்டுமே என்ற பதற்றத்தில் முருங்கை வெள்ளை வெள்ளையாய்ச் சொரியும், வேலியோரக் கனகாம்பரம் முண்டியடிக்கும், நந்தியாவட்டைக்கு இலை எது பூ எது என்றே தெரியாது. எல்லாம் பூக்கும். வேம்பு மட்டும் பூக்காது.

அம்மா அதை மானாமதுரையிலிருந்து, பால்பவுடர் டப்பாவில் கன்றாக வைத்து, கப்பலில் மடியிலேயே சுமந்து கொண்டுவந்தாள். சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூப் பச்சடி வைக்காவிட்டால் அவளுக்கு வருஷமே பிறக்காது. சித்தி ஊரிலிருந்து காயவைத்து அனுப்பும் பூவோ, எங்கள் ஊர் ஈரத்தில் பொட்டலத்துக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து, பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும். சொந்த மரத்துப் பூவில் ஒரு தடவையாவது பச்சடி வைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "மெயின்லேண்ட் மரம்ல, டிரான்ஸ்பர் கேட்டு ஸ்டிரைக் பண்ணுது" என்பார் அப்பா.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ரேணு மாசி இருந்தார். வங்காளிக் குடும்பம், வங்க மொழியில் மாசி என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. பங்குனி பிறந்ததும் ஒன்றுவிட்டு ஒருநாள் வேலியருகே வந்து நின்று, "தோடா நீம் பத்தா, தீதி" என்று வேப்பிலை கேட்பார். அம்மா ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. வேப்பிலை கேட்டு வருகிற வீட்டில் அம்மை போட்டிருக்கும், விசாரிக்கக் கூடாது, இல்லையென்று சொல்லவும் கூடாது என்பது அவள் பிறந்த ஊர் வழக்கம். "லேலோ, லேலோ", எடுத்துக்கோ எடுத்துக்கோ என்று தனக்குத் தெரிந்த இந்தியை மொத்தமாகச் செலவழித்து, படுக்கையில் போட மெத்தென்று இருக்கட்டுமே என்று துறட்டியால் தானே உச்சிக் கொழுந்தாக இழுத்து ஒடித்துக் கொடுப்பாள். கூடவே உடம்புச் சூடு தணிய இளநீரும் போகும். எங்களுக்கோ, அந்த மாதம் முழுக்க அந்த வீட்டுப் படியேறத் தடை. வருஷா வருஷம் ஒரே வீட்டில் எப்படி அம்மை போடும் என்று கேட்டால், "வாயக் கழுவுடி. ஆத்தா வர்ற வீடுன்னா வந்துக்கிட்டுத்தான் இருப்பா" என்று பதில் வரும்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பாவுக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டப்பாவில் வந்த கன்று இப்போது இரண்டு ஆள் உயரம், எந்தக் கப்பலிலும் ஏறாது. இந்தச் சித்திரையை விட்டால் இனி இல்லை என்று அம்மா தினமும் மரத்தடியில் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து என் ஷட்டில்காக் மாசி வீட்டுக் கொல்லையில் விழுந்தது. தடையாவது ஒன்றாவது என்று உள்ளே ஓடினேன். அடுப்படியில் கடுகெண்ணெய் புகைய, எங்கள் கொழுந்தைக் கத்திரிக்காயோடு பொரித்துக்கொண்டிருந்த மாசி, ஒரு பிடிச் சோற்றில் அதைப் பிசைந்து என் வாயில் திணித்தார். வங்காளிகள் தங்கள் வருஷம் பிறப்பதற்கு முந்தைய மாதம் நோய் அண்டாமல் இருக்கத் தின்கிற பதார்த்தமாம். கசப்பில் கண்ணீரே வந்துவிட்டது. வேலியைத் தாண்டி ஓடிவந்து அம்மாவிடம், "அவுங்க வீட்ல அம்மை இல்லம்மா. கத்திரிக்கா" என்றேன்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மரத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பூ கொழுந்தோடுதான் வரும். அந்தக் கொழுந்தைத்தான் ஐந்து வருஷமாகத் தன் கையாலேயே ஒடித்துக் கொடுத்திருக்கிறாள். இனிமேல் தர முடியாது என்று சொல்லிவிடேன் என்றார் அப்பா. "வேப்பில கேட்டு வந்தவங்கள எப்படிங்க இல்லைங்கிறது?" என்றாள்.

மறுநாள் மாசி வந்தபோது அம்மா வழக்கம்போலத் துறட்டியை எடுத்துவிட்டாள். பொறுக்காமல் நான்தான் இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். மாசி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். பிறகு துறட்டியை வாங்கித் தரையில் போட்டுவிட்டு, "ஊபர் தும்ஹாரா, நீச்சே மேரா" என்றார். மேல்கிளை உனக்கு, கீழ்க்கிளை எனக்கு. அன்றிலிருந்து கைக்கு எட்டியதை மட்டும் கிள்ளிக்கொண்டார். கேட்டு வந்த மற்ற வங்காளி வீட்டுக்காரர்களையும் அவரே விரட்டினார்.

உச்சியில் அரும்பு கட்டியது. அரிசி நொய் மாதிரி, வெளிர்பச்சையில். ஆனால் எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தைவிடக் கப்பல் பெரிது. அது சித்திரைக்கு முன்பே புறப்படுகிறது என்று அறிவித்துவிட்டார்கள். விரியாத அரும்பைப் பார்த்துக்கொண்டே அம்மா சாவியை ஒப்படைத்தாள். கார் நிக்கோபாரில் அந்தச் சித்திரை ஒன்றாம் தேதி பச்சடி இல்லாமலேதான் போனது.

அடுத்த கப்பலில் அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் கடுகெண்ணெய் வாசனை. உள்ளே எங்கள் வேப்பம்பூ, மொறுமொறுவென்று பொரித்து. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று மாசி தனக்குத் தெரிந்த வழியில் பதப்படுத்தி அனுப்பியிருக்கிறார். அம்மா அப்போதே அடுப்பைப் பற்றவைத்தாள். புளி கரைத்து, வெல்லம் தட்டிப்போட்டு, எண்ணெய் மிதக்க மிதக்கப் பச்சடி வைத்தாள். "இன்னைக்குத்தாங்க சித்திரை ஒண்ணு" என்று அப்பாவுக்குப் பரிமாறினாள்.

இப்போது எனக்கு வேலை போர்ட் பிளேரில்தான். போன மாதம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அந்த மேட்டைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். வேம்பு நின்ற இடத்தில் தண்ணீர்த்தொட்டி. மாசி குடும்பம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் அவரும் அம்மாவும் மானாமதுரைக்கே திரும்பிவிட்டார்கள். அங்கே பங்குனியில் தெருவெல்லாம் வேப்பம்பூ, மிதிக்காமல் நடக்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் பங்குனிக் கடைசியில் அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வரும்: "ஏடி, ஊருக்கு வர்றப்ப மறக்காம ஜங்லிகாட்ல ஒரு பாட்டில் கடுகெண்ணெய் வாங்கிட்டு வா. இங்க உள்ளதுல பூவ வறுத்தா கசப்பு சரியா வர மாட்டேங்குது."