தோட்டத்துக்கு இரண்டு கரை

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். ஒதுங்கியிருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையாவது கற்றிருப்பேன். தெரிந்ததெல்லாம் தறி. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் நான் ராஜா. எழுந்து வெளியே வந்தால் யார் என்பதை என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீளமான தோட்டம். நாலு வாழை, ஒரு முருங்கை, கடைக்கோடியில், அகலத்துக்கு நடுவாகக் கிணறு. இரண்டு ஓரமும் முள்வேலி. அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தோட்டம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், அதன் கீழே களிச்சேறு. மனைவிக்கோ எட்டாம் மாதம். "நான் எறைச்சுத் தரேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டு, தறியில் உட்கார்ந்ததும் மறந்துபோவேன். ஒருநாள் காலையில் அவளே குடத்தோடு போய் வழுக்கி விழுந்தாள். வாழையைப் பிடித்துக்கொண்டதால் வயிறு தப்பியது.

ஈரப் புடவையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள கெணத்துக்கு வழி பண்ணு. இல்லன்னா ஐயம்பேட்டைக்கு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போய்டுவேன். நீ தறியோட குடும்பம் நடத்துய்யா."

அது மிரட்டல் இல்லை. எங்களுக்கு முதலில் பிறந்த குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. நாலு வருடம் கழித்து இது. எதற்கும் கேலி பேசுகிற என் வாய் இதற்கு மட்டும் மூடிக்கொள்ளும்.

ஏனாத்தூரிலிருந்து பால் கொண்டுவருகிற விவசாயி ஒருவர் உண்டு. அன்றைக்கு அவரிடம் யோசனை கேட்டேன்.

"இது இன்னாபா பெரிய வேலை? தோட்டத்துல கெட்டியா கரை ஒண்ணு போடு. கால் நனையாம போய்க்கினு வந்துக்கினு இருக்கலாம்."

கரை! நாள் முழுக்க நான் செய்கிற வேலையே அதுதானே? ஆனால் ஒரு கரை என்கிறாரே, நெசவாளி வீட்டுத் தோட்டத்துக்கு ஒற்றைக் கரை போட்டால் தெருவில் மரியாதை இருக்குமா? பெரிய மனதோடு இரண்டாகவே போட முடிவு செய்தேன்.

இரண்டு நாள் தறியைத் தொடவில்லை. களிமண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, நூல் பிடித்து, தோட்டத்தின் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று என்று முழங்கால் உயரத்துக்குக் கரை எழுப்பினேன். இரண்டும் ஒரே அகலம். ஒரு விரல்கூட ஏறி இறங்கவில்லை. ஜரிகைதான் பாக்கி. அந்தக் கரைமேல் எப்படி நடந்து கிணற்றுக்குப் போவது என்று மட்டும் யோசிக்கவில்லை. வேலை அவ்வளவு அழகாக இருந்தது.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. அதுவரை வேலிச் சந்து வழியாகக் கொஞ்சமாவது கசிந்து போய்க்கொண்டிருந்த தண்ணீருக்கு இப்போது போக இடமில்லை. விடிந்து பார்த்தால் கணுக்கால் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. வாழைகள் குளிக்க இறங்கியதுபோல நின்றன.

பால்காரர் எட்டிப் பார்த்தார். பால்தூக்கு கையிலிருந்து நழுவாததுதான் ஆச்சரியம்.

"அடப்பாவி, இன்னாபா இது?"

"நீங்கதானே கரை போடச் சொன்னீங்க? ரெண்டு பக்கமும் போட்டுட்டேன்."

"நடுவுல போட்டு நடந்து போன்னா, ஓரத்துல போட்டு ஏரி கட்டி வெச்சிருக்கிறியே! இன்னா, பொடவன்னு நெனச்சுக்கினியா?"

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "முந்தானை எங்க வருதுன்னு கேளுங்கண்ணா!"

சிரிக்கிறாள் என்று நினைத்து உள்ளே போனேன். துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை.

மூட்டையைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தூக்கினேன். ஓடிப்போய் இரண்டு கரையையும் நாலு இடத்தில் வெட்டினேன். நானே நெய்த புடவையை நானே கிழிப்பதுபோல இருந்தது. தண்ணீர் சலசலவென்று வடிந்தது. பால்காரர் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து பழைய பனங்கட்டைகளைக் கேட்டு வாங்கி இரண்டு வரிசையாகப் போட்டோம். நடுவில் உடைந்த ஓடு, செங்கல் துண்டு, வெட்டிய கரையின் மண். மேலே வேகவதி ஆற்று மணல்.

"நடுவுல ஒரு சந்து உட்டு மேல கல்லு போடுபா. தண்ணி அந்தாண்ட போவணுமில்ல? இல்லன்னா மறுபடியும் ஏரிதான்" என்றார் பால்காரர்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வெறுங்கையோடு அதன்மேல் ஏறினாள். ஒவ்வொரு அடியையும் அழுத்திப் பார்த்தே வைத்தாள். நான் பக்கத்தில் சேற்றுக்குள் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கிணற்றடியில் போய் நின்று திரும்பினாள்.

"மேல வாய்யா. கீயே நின்னுக்கினு யாரப் புடிக்கப்போற?"

மூட்டை அவிழ்ந்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம், அந்த வீட்டிலேயே வலி கண்டது. மருத்துவச்சி தண்ணீர் கேட்கக் கேட்க, குடமும் கையுமாக அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது குடத்தில் கால் இடறிச் சேற்றில் மல்லாந்து விழுந்தேன். எழுந்திருப்பதற்குள் உள்ளே குழந்தை வீறிட்டது. அப்படியே படுத்துக் கேட்டேன். அழுகை பலமாக இருந்தது, நிற்கவேயில்லை.

"தண்ணி எங்கய்யா?" என்று மருத்துவச்சி கத்தினாள்.

"கீயே இருக்குதும்மா" என்றேன்.