பேச்சியின் பெயரில் போன கடுதாசி

பதுளைக்கு ரயில் வராத காலம். அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில், ஓர் ஒற்றை அறைக் காம்பராவில், என் முதல் பிள்ளைக்காக மூன்று நாள் வலியில் கிடந்தேன். பிள்ளை செத்துப் பிறந்தது. அன்றிலிருந்து எனக்கு மூத்திரம் நிற்கவில்லை. உட்கார்ந்தால் ஒழுகும். நடந்தால் ஒழுகும். சபையிலே பேசுகிற பேச்சா இது என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வார்த்தை தெரியாது.

என் புருஷன் சின்னையா என்னைக் கடைசிக் காம்பராவுக்குத் தள்ளிவிட்டான். கொழுந்து எடுக்கிற மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்க மாட்டார்கள். இரண்டு வருடம் அப்படிப் போனது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற நாள்கள் உண்டு.

தோட்டத்துக்கு வேதம் சொல்ல வந்த உபதேசியார் ஒருவர், பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் உள்ளே கிழிந்ததைத் தைத்துச் சரியாக்குகிறார்கள் என்றார். பண்டாரவளையில் உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் பெயரும் தோட்டமும் கேட்டார்கள். அங்கேதான் பாவம் செய்தேன்.

தோட்டத்து ஆளுக்கு வருகிற கடுதாசி நேரே அவர் கைக்கு வராது. ஆபீசுக்குப் போகும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லோரும் வரிசையாக நிற்கும்போது கணக்கப்பிள்ளை அதை உரக்க வாசிப்பார். என் வியாதியும் அப்படி வாசிக்கப்படும் என்று பயந்தேன். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். பேச்சி, வெலிமடைப் பக்கத்துத் தோட்டம். பேச்சி என் அத்தை மகள். பிள்ளை இல்லாதவள். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள்.

அறுத்துத் தைத்தார்கள். கட்டிலில் கிடந்து இயேசுவிடம் அழுதேன். ஒரு நாள் காலையில் துணி காய்ந்திருந்தது. கர்த்தர் கேட்டுவிட்டார். நான் என்ன செய்தேன்? மூன்று மாதம் கழித்து வந்து காட்டு, மறுபடி உண்டானால் எட்டாம் மாதமே இங்கே வந்துவிடு, லயத்தில் பெறாதே என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். போனவள் போனவள்தான். லயத்தில் கேட்டவர்களிடம் தாயத்து கட்டிச் சரியானது என்றேன். என்னைக் குணமாக்கினவர் பெயரையும் மறைத்தேன். சின்னையா மறுபடி சேர்த்துக்கொண்டான்.

நான் வரவில்லை என்று ஆஸ்பத்திரி கடுதாசி போட்டது. அது பேச்சியின் தோட்டத்துக்குப் போனது. பெரட்டில் வாசித்தார்கள். அரிசி வண்டிக்காரர் எங்கள் லயத்தில் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "பிள்ளையே பெறாதவளுக்குப் பிள்ளை பெத்த வியாதியாம்! கள்ளத்தனமா எங்க பெத்தாளோன்னு புருஷன்காரன் வெரட்டிட்டான்." நானும் சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு வருடம் கழித்து உண்டானேன். எட்டாம் மாதமும் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொய் வெளிப்படும். போகாவிட்டால் பழையபடி கிழியும், அல்லது சாவேன். முழங்காலில் நின்று கேட்டேன்: "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றும்." அந்த நிலையிலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டது. பேச்சி நின்றாள். எனக்கு அதே வியாதி இருந்து சுகமானதை யாரோ சொல்ல, தன் பெயரைக் கொடுத்தது நான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வெலிமடையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"ஏண்டி ராக்கு! எம்பேரு என்ன ரோட்டுல கெடந்த கந்தலா? எடுத்துச் சுத்திக்கிட்டுப் போயிட்ட!"

லயமே கூடிவிட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தன மாசம்?"

"ஒம்போது."

"எட்டாம் மாசமே வரச் சொன்னாங்கள்ல? லயத்துல பெக்கக் கூடாதுன்னாங்கள்ல?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கடுதாசிய என் முன்னாடி மூணு தரம் வாசிச்சுச் சிரிச்சானுங்கடி. எனக்கு மனப்பாடம்! ஏன் போகல?"

"அங்க ஒம்பேருல்ல இருக்கு."

"அப்ப எம்பேருலயே சாவப் போறியா? என்னை உசுரோட கொன்னது போதாதா? கெளம்புடி!" சின்னையா பக்கம் திரும்பினாள். "நீரு ஏன்யா மரம் மாதிரி நிக்கிறீரு? போயி வண்டியப் பாரும்!"

வண்டியில் வழி முழுக்கத் திட்டினாள். தண்ணீரும் அவள்தான் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். வலி கண்டபோது டாக்டர் பக்கத்தில் இருந்தார். ஆயுதம் போட்டு எடுத்தார். ஆண் பிள்ளை. அழுதது. தைத்த இடம் பிரியவில்லை. யாருக்கும் தெரியாமல் என்று கேட்ட ஜெபத்தைக் கர்த்தர் ஊரறியச் செய்து முடித்தார்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். அங்கிருந்து நேரே பேச்சியின் தோட்டத்துக்குப் போனேன். விடியற்காலைப் பெரட்டு. கணக்கப்பிள்ளை முன்னால் நின்று சொன்னேன்: "அந்தக் கடுதாசி எனக்கு வந்தது. ஒழுகினது எனக்கு. பேச்சிக்கு இல்ல."

பேச்சி வரிசையிலிருந்து கத்தினாள்: "சத்தமா சொல்லுடி! பின்னால நிக்கிறவனுக்குக் கேக்கல!"

சத்தமாகச் சொன்னேன்.

அவள் புருஷன் அவளை அன்றைக்கே கூப்பிட்டான். அவள்தான் ஒரு மாதம் போகவில்லை.

சகோதரிகளே, என்னைப் போலத் தைத்துக்கொண்டு வந்து ஒளிந்திருக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஆஸ்பத்திரி உங்களைத் தேடிக்கொண்டிருக்கும். திரும்பிப் போங்கள். உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். நம்மை உண்டாக்கினவர் நம் உடம்பைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். துணைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். பேச்சியும் வருவாள். திட்டிக்கொண்டுதான் வருவாள்.