பின்வரிசையில் கேட்ட கைதட்டல்

மகள் தாதிப் பயிற்சிக்காகக் கிழக்கு ஜேர்மனியில் ஒரு சிறு நகரத்துக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. நான் இருக்கும் பீலெஃபெல்டிலிருந்து அவளைப் பார்க்கப் போனேன். ஞாயிறு பின்னேரம் மழை. படம் பார்க்கப் போனோம்.

அமெரிக்காவில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பஸ்ஸிலும் பள்ளியிலும் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்த காலத்துக் கதை. செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பினத் தச்சனைச் சிறையில் அடைக்கிறார்கள். படம் தொடங்கிய பிறகு வந்த மூன்று ஆண்கள், அரங்கு பெரும்பாலும் காலியாகக் கிடக்க, எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்கள்.

அவனைத் தூக்கிலிடச் சிறை வாசலில் வெள்ளையர் கூட்டம் கயிற்றோடு கூடும் காட்சி வந்தது. பின்னால் ஒருவன் மெதுவாகக் கைதட்டினான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசைத் தம்பதி திரும்பினார்கள். கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள். பிறகு திரைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

போவோம் என்று மகளின் கையைத் தொட்டேன்.

"இருங்கோ அப்பா. எழும்பினால் பயந்திட்டம் எண்டு நினைப்பினம்."

அந்தத் தச்சனுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண் திரையில் இருந்தது, காது பின்னால் இருந்தது.

படம் முடிந்து பஸ் ஏறினோம். மூவரில் ஒருவன் எங்களோடு ஏறி எதிரே அமர்ந்தான். எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று ஜேர்மன் மொழியில் மரியாதையாகவே கேட்டான். எங்கள் தரிப்பிடம் வந்தது. மகள் என் முழங்காலை அழுத்தினாள்.

"இறங்காதேங்கோ. வீடு தெரியக்கூடாது."

அவள் வேலை செய்யும் மருத்துவமனை வாசலில் இறங்கினோம். அவனும் இறங்கினான். மகளின் அட்டைக்குத்தான் ஊழியர் கதவு திறக்கும், உள்ளே போய்விட்டோம். அவன் கண்ணாடிக்கு வெளியே மழையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் பொலிசுக்குப் போனோம். அவன் என்ன செய்தான் என்று அதிகாரி கேட்டார். கைதட்டினான், தெருவைக் கேட்டான், பஸ்ஸிலிருந்து இறங்கினான். அவர் அதை எழுதி வாசித்தபோது எனக்கே அது ஒன்றுமில்லாதது போல இருந்தது.

பீலெஃபெல்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். படிப்பை விட்டுவிட்டு வர ஏலாது என்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. அவளுடைய நோயாளியான ஒரு வயதான அம்மாவைப் பார்க்க மகன் வந்திருந்தானாம்.

"அவன்தான் அப்பா. என்ரை சட்டையிலை கிடந்த பேரை ரெண்டுதரம் சத்தமா வாசிச்சான்."

"நீ என்ன செய்தனி?"

"தாயைக் கழுவி உடுப்பு மாத்தினன். அது என்ரை வேலைதானே."

அன்றே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டாள், கொடுத்தார்கள். இன்னும் அங்கேதான் படிக்கிறாள். வேலை முடிந்து வீட்டுக் கதவைப் பூட்டியதும் எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். அது வரும்வரை நான் சாப்பிடுவதில்லை.